என் கெப்பில் எரிந்த நான்கு ஜோடி பல்புகள்

வெயிலைப் பார்த்து வண்டி ஓட்டும் தொழில் இல்லை என்னுடையது. கந்தப்பளையில் மாலையில் மூட்டை கட்டிய லீக்ஸ், கரட், கோவா எல்லாம் இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டால்தான் விடியும் நேரத்தில் கண்டியில் நின்று விலை பேச முடியும். நுவரெலியா, லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று இறங்கும் பாதை. அதில் நேராக நூறு மீற்றர் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். மழை இல்லாத இரவில் பனிமூட்டம் இருக்கும். பனிமூட்டம் இல்லாத இரவில் மழை பெய்யும். இரண்டும் சேர்ந்து வரும் இரவுகளைப் பற்றி வீட்டில் சொல்வதில்லை.

வண்டி 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் சிங்கிள் கெப்: முன்னே ஒரு வரிசை இருக்கை, பின்னே மூட்டை ஏற்றும் தட்டு. புதிதாக ஒன்று வாங்கினால் என்ன என்று கேட்கும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. மறுபடி கதவு திறந்தது 2025இல்தான். அதற்குள் பழைய கெப் விற்ற விலையைப் பார்த்த யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். இருப்பதைத் திருத்தி ஓட்டுவதுதான் வழி. இரண்டு வருடத்தில் ஹெட்லைட்டுக்கு மட்டும் நான் செலவழித்தது 41,200 ரூபா. அதில் பாதிக்கு மேல் வீண். வீணான பாதியைப் பற்றித்தான் கூடுதலாக எழுதப் போகிறேன், ஏனென்றால் அதுதான் வாங்கப் போகிறவருக்குப் பயன்படும்.

முதலில் வண்டியில் இருந்தது சாதாரண எச்-4 ஹாலஜன். கெப், வேன், பழைய கார், சில லொறி என்று எங்கள் பக்கம் ஓடும் வண்டிகளில் பாதிக்கு இதே பல்ப்தான். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை: தூரத்துக்கு ஹை போட்டால் 60 வாட், கிட்டத்துக்கு டிம் போட்டால் 55 வாட். டிம் இழைக்குக் கீழே ஒரு சிறிய உலோகக் கிண்ணம் இருக்கும், தேக்கரண்டியின் நுனியை வெட்டி வைத்தது போல. அந்த இழையில் இருந்து கீழே போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடுகிறது. அதனால் வெளிச்சத்தை முன்னே திருப்பும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, பாதையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகாமல் தடுப்பது அந்தக் கிண்ணம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எல்.இ.டி. கதை வரும்போது தேவைப்படும்.

என் வண்டியின் டிம் லைட்டோ குப்பி லாம்பு போல எரிந்தது. 2024 தொடக்கத்தில் ஓர் இரவு, லபுக்கலைக்கு மேலே எதிரே வந்த லொறிக்கு ஒதுங்கிக் கொடுத்தபோது இடப் பக்க முன் சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கிவிட்டது. கான் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பத்து வருடமாகத் தெரியும். அன்றைக்கு அது கண்ணில் படவில்லை. பின்னால் வந்த மரக்கறி லொறிக்காரர்கள் நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். அடுத்த நாளே நகரத்தில் உதிரிப்பாகக் கடை ஒன்றில் போய் நின்றேன்.

கடைத் தம்பி யோசிக்கவே இல்லை. "அண்ணே, நூறு தொண்ணூறு போடுங்கள். இரவு பகலாகிவிடும்" என்றான். ஹை 100 வாட், டிம் 90 வாட். ஜோடி 3,000 ரூபா. பூட்டிய அன்று இரவு உண்மையிலேயே பகல்தான். வழி நெடுகத் தேயிலைச் செடிகளின் கொழுந்து வரை தெரிந்தது. மூன்று வாரம் அந்தச் சந்தோஷம் நீடித்தது. பிறகு ஒருநாள் புசல்லாவையில் பிளேன் டீ குடிக்க நிறுத்தியபோது பொனட்டுக்குள் இருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. திறந்து பார்த்தால் பல்பின் பின்னால் மாட்டும் சொக்கட் பழுப்பாகி, ஒரு மூலை உருகி, இழுத்தால் வர மறுக்கிறது. ஃபியூஸ் போகவில்லை. அதுதான் பயமான விடயம்: ஃபியூஸ் காப்பாற்றும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது பேசாமல் இருக்க, சொக்கட் எரிந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிது. 60 வாட் பல்ப் 12 வோல்ட்டில் 5 அம்பியர் இழுக்கும். 100 வாட் 8.3 அம்பியர். கூடியது ஒன்றரை மடங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் வயரும் இணைப்புகளும் சூடாவது அம்பியரின் வர்க்கத்தில். அதாவது அதே பழைய வயரில், அதே துருப்பிடித்த முனையில், ஏறக்குறைய 2.8 மடங்கு சூடு. முப்பது வருட வயருக்கு அது தாங்காது. ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சுக்கும் அந்தச் சூடு ஆகாது. சாதாரண வயரிங்கில் இதைப் போடச் சொல்லும் கடைக்காரரிடம், புதுச் சொக்கட்டும் உங்கள் செலவா என்று கேளுங்கள்.

இரண்டாவது ஜோடிதான் எல்.இ.டி. இதை நான் தேடிப் போகவில்லை, அது என்னைத் தேடி வந்தது. மச்சான் தன் வேனுக்குப் போட்டிருந்தான். நுவரெலியா நகரத்தில் இப்போது பாதி வண்டி வெள்ளையாகத்தான் எரிகிறது. 14,500 ரூபா. பெட்டியின் மேல் வெளிச்சத்தின் அளவு 20,000 லுமென் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 40 வாட் என்றும் போட்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட ஒரு தைரியம் வேண்டும். இப்படிக் குட்டிப் பெட்டிக்குள் அடைத்த எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லுமென் தந்தால் அதுவே பெரிது. அப்படியென்றால் 4,000. மீதி 16,000 லுமென் அட்டைப் பெட்டியிலேயே தங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க: சட்டப்படி தயாரித்த சாதாரண எச்-4 தருவது டிம்மில் 1,000, ஹையில் 1,650 லுமென், பதினைந்து சதவீதம் முன்னே பின்னே.

பூட்டும்போதே தொல்லை தொடங்கியது. பின்னால் குட்டி விசிறி. அதற்கு இடம் வேண்டும் என்பதால், தண்ணீரும் தூசியும் போகாமல் மூடியிருக்கும் ரப்பர் தொப்பியை நடுவில் வெட்ட வேண்டியதாயிற்று. சுவிட்சைப் போட்டால் டிம்மில் ஹை எரிகிறது, ஹையில் எதுவும் சரியாக எரியவில்லை, டாஷ்போர்டில் நீல விளக்கு மட்டும் மினுங்குகிறது. பல்ப் பழுது என்று கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் வேறு வண்டியில் போட்டுக் காட்டினார்கள், அழகாக எரிந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது: மற்ற பல வண்டிகளில் சுவிட்ச் பிளஸ் பக்கத்தில் இருக்கும், என்னுடையது போன்ற பழைய ஜப்பான் வண்டிகளில் எர்த் பக்கத்தில் இருக்கும். ஹாலஜன் இழைக்கு மின்சாரம் எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ஒன்றுதான், எல்.இ.டி.க்கு அப்படி இல்லை. இடையில் ஒரு மாற்று வயர் போட்டுச் சமாளித்தோம். சமாளித்த பிறகு ரேடியோ போயிற்று. ஹெட்லைட் போட்டவுடன் எஃப்.எம். முழுவதும் இரைச்சல். இரவில் எனக்குத் துணை அந்த ரேடியோதான். லைட்டா பாட்டா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது அந்தப் பல்ப்.

இதையெல்லாம் கூடப் பொறுத்திருப்பேன், பாதை தெரிந்திருந்தால். வறண்ட இரவில், வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீற்றர் வெள்ளைத் துணி விரித்தது போல இருந்தது. அதற்கு அப்பால் கும்மிருட்டு. கிட்டத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகிவிடும், தூரத்தில் இருப்பது இன்னும் இருண்டு போகும். மழையில் தார் ரோட்டில் அந்த வெளிச்சம் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஆனால் பனிமூட்டத்தில்தான் முழு வேடிக்கை. இறம்பொடைக்கு மேலே ஒரு வளைவில் மூட்டத்துக்குள் நுழைந்தேன், வெள்ளைச் சுவரில் முட்டியது போல இருந்தது. பொனட்டின் முனை தெரிகிறது, அதற்கு மேல் பால். நான் லைட்டை அணைத்துவிட்டுப் பார்க் லைட்டில் ஊர்ந்தேன். 14,500 ரூபா கொடுத்து வாங்கிய லைட்டை அணைத்தால்தான் பாதை தெரிகிறது.

மஞ்சள் வெளிச்சம் மூட்டத்தைத் துளைக்கும், வெள்ளை துளைக்காது என்று எங்கள் டிரைவர்மார் சத்தியம் செய்வார்கள். பிரான்சில்கூட 1993 வரை எல்லாக் காருக்கும் மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது. ஆனால் மூட்டத்தின் நீர்த்துளிகள் எந்த நிறத்தையும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் சிதறடிக்கின்றன. நீலம் கலந்த வெள்ளை கண்ணைக் கூடுதலாகக் கூச வைக்கும் என்பது உண்மை. என் சுவருக்குக் காரணம் அது மட்டும் இல்லை. மேல் நோக்கிப் போகும் வெளிச்சம் எவ்வளவோ, அவ்வளவும் துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்புகிறது. ஹை போட்டால் மூட்டத்தில் இன்னும் மோசமாவது அதனால்தான். ஹாலஜன் இழை இருக்க வேண்டிய புள்ளியை வைத்துத்தான் ரிஃப்ளெக்டரைச் செய்திருக்கிறார்கள். எல்.இ.டி. துண்டு அந்தப் புள்ளியில் இருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளி உட்கார்ந்தாலும், அந்தக் கிண்ணத்தின் வேலையைச் செய்யும் மறைப்பு சரியாக இல்லாவிட்டாலும், வெளிச்சம் கண்ட இடத்துக்கும் போகும். எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் எனக்கு ஹை அடித்துக் காட்டினார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

எல்.இ.டி. எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. எல்.இ.டி.க்காகவே வடிவமைத்த ஹெட்லைட்டோடு வரும் புதிய வண்டிகளின் வெளிச்சம் அருமை. ஹாலஜனுக்கு வெட்டிய ரிஃப்ளெக்டருக்குள் அதைத் திணிப்பதைத்தான் சொல்கிறேன். மூன்றாவது மாதம், வெட்டிய ரப்பர் தொப்பி வழியாக ஈரம் போய்க் கண்ணாடிக்குள் வியர்வை பூத்தது. கழற்றி மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது ஜோடி, கொழும்பில் வேலை இருந்த நாளில் பஞ்சிகாவத்தையில் வாங்கியது. பெயர் பெற்ற ஐரோப்பிய நிறுவனத்தின் ஹாலஜன், "130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்" ரகம், ஜோடி 11,000 ரூபா. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போகும் குணம் எல்லா நிறுவனத்தின் இந்த ரகத்துக்கும் பொது. வாட் அதே 60/55. சொக்கட்டுக்கு ஆபத்து இல்லை. வெளிச்சம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தூரத்து வளைவின் பாதுகாப்புக் கல் முன்பைவிட முன்னதாகவே தெரிந்தது.

ஆனால் அந்த 130 என்ன என்று புரிந்துகொண்டு வாங்க வேண்டும். மொத்த வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடாது. மேலே சொன்ன லுமென் எல்லைக்குள்தான் அதுவும் நிற்க வேண்டும். இழையை மெல்லியதாக, இறுக்கமாகச் சுற்றி, வெளிச்சத்தை ஒரு சின்ன இடத்தில் குவிக்கிறார்கள். வண்டிக்கு முன்னே ஐம்பது முதல் எழுபத்தைந்து மீற்றர் வரை பாதையில் சில இடங்களில், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட அவ்வளவு கூடுதல் என்பதுதான் அந்த எண். மெல்லிய இழை கூடுதல் சூட்டில் எரிந்தால் ஆயுள் குறையும். அதை நிறுவனங்களே மறுப்பதில்லை. நெடுநாள் உழைக்கும் ரகம் என்று வேறு ஒரு பெட்டியை அதே அலுமாரியில் வைத்து விற்கிறார்கள். கொழும்பில் மாலையில் ஒரு மணி நேரம் லைட் போடுகிறவருக்கு இரண்டு வருடம் வரலாம். இரவெல்லாம் லைட் போட்டு, கந்தப்பளை ரோட்டுக் குழிகளில் குலுங்குகிற எனக்கு ஒன்று நான்காம் மாதம் போயிற்று, மற்றது ஐந்தாம் மாதம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 11,000 என்றால் லீக்ஸ் விலையைப் பார்த்துத்தான் லைட் போட வேண்டும்.

நீல நிறம் பூசிய, "டயமண்ட் வெள்ளை" என்று விற்கும் ஹாலஜன்களை நான் வாங்கவில்லை. கண்ணாடியில் பூச்சு பூசினால் வெளிச்சத்தின் ஒரு பகுதி வெளியே வராது. பணம் கொடுத்து இருட்டு வாங்குவதில் எனக்கு விருப்பம் இல்லை.

இந்த இடத்தில் நானுஓயாவில் இருக்கும் எலெக்ட்ரீசியன் பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைக் கடந்தவர், வண்டி வயரிங்கைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஐந்தாம் மாதத்துப் பல்ப் போன அன்று அவரிடம் போய், நல்ல பல்ப் எது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மீற்றரை எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு பெட்டரியில் வைத்தார்: 14.1 வோல்ட். பிறகு டிம் போடச் சொல்லி, எரிந்துகொண்டிருந்த பல்பின் சொக்கட்டுக்குப் பின்னால் இரண்டு ஊசியையும் செருகினார்: 11.4. மற்றப் பக்கம் 11.6. மீற்றரை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, பல்புக்குச் சாப்பாடே போகவில்லை. நீ தட்டை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாய்" என்றார்.

வழியை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெட்டரியில் இருந்து ஃபியூஸ் பெட்டி, அங்கிருந்து பல்ப், பல்பில் இருந்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் வரை ஒரு நீண்ட பயணம், அங்கிருந்து வண்டியின் உலோகப் பொடியில் எர்த். முப்பது வருட மெல்லிய வயர். ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு இணைப்பும் கால் வோல்ட், அரை வோல்ட் என்று வரி வாங்குகிறது. பல்பின் வாசலுக்கு வரும்போது இரண்டே முக்கால் வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

அதனால் என்ன, கொஞ்சம்தானே என்று நான் நினைத்தேன். வீட்டில் மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. ஹாலஜனின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் ஏறி இறங்கும் என்று அவன் தேடிப் பார்த்துச் சொன்னான். பல்பை அளந்து தரப்படுத்துவது 13.2 வோல்ட்டில். அது 11.4 ஆனால் வெளிச்சம் ஆறு பங்கில் நாலு பங்குகூட இல்லை. இரண்டு வருடமாக நான் வாங்கிய பல்புகள் அனைத்தும் பட்டினியில்தான் எரிந்தன. நூறு வாட் பகல் போலத் தெரிந்ததும் இதனால்தான்: பட்டினி கிடக்கும் சாதாரண பல்போடு அல்லவா ஒப்பிட்டேன்.

பாஸ் செய்த வேலை இதுதான். பெட்டரியில் இருந்து நேரடியாக 4 சதுர மில்லிமீற்றர் வயர், பெட்டரிக்குப் பக்கத்திலேயே புதிய ஃபியூஸ், டிம்முக்கு ஒன்றும் ஹைக்கு ஒன்றுமாக இரண்டு 30 அம்பியர் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்), பீங்கான் சொக்கட் இரண்டு, ரேடியேட்டர் சட்டத்தில் சுரண்டிப் பூட்டிய புதிய எர்த். பழைய வயரிங்கின் வேலை இனி ரிலேயை எழுப்புவது மட்டும். அதற்குக் கால் அம்பியர்கூட வேண்டாம். கடையில் ரெடிமேடாகக் கிடைத்த ரிலே செட் ஒன்றை நான் கையோடு வாங்கிப் போயிருந்தேன். அதை அவர் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதில் ரிலேச் சுருளின் ஒரு முனையைப் பொடியில் எர்த் கொடுக்கும்படி கட்டியிருந்தது. எர்த் பக்கத்தில் சுவிட்ச் இருக்கும் என் வண்டியில் அப்படிப் பூட்டினால் ரிலே எழும்பவே எழும்பாது. சுருளின் இரண்டு முனையையும் பழைய சொக்கட்டில் இருந்தே எடுத்தார். உங்கள் கெப்பும் என் கெப்பின் வயதுக்காரி என்றால், செட் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாமானும் கூலியும் சேர்த்து 9,500 ரூபா.

பிறகு அவர் தன் மேசையின் இழுப்பறையில் இருந்து, சாதாரண ரகத்துக்கு ஒரு படி மேல், "30 சதவீதம் கூடுதல்" எனும் 60/55 ஜோடி ஒன்றை எடுத்தார். ஜோடி 3,200. இவ்வளவு பேசிவிட்டு இதைத்தானா தருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். பூட்டி, மீற்றர் வைத்தார்: 13.6.

அன்றிரவு லபுக்கலையில் நான் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெளிச்சம் வெள்ளையாக இல்லை, வெண்ணெய் நிறம். பாதை நெடுகச் சீராக விரிந்து, இடப் பக்கம் சற்று மேலே ஏறி, கானின் ஓரக் கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. 11.4இல் இருந்து 13.6க்கு வந்ததில் எண்பது சதவீதம் கூடியிருக்கிறது என்பது மகனின் கணக்கு. நூறு வாட் பல்பின் பகல் இல்லை இது. ஆனால் எதிரே வந்த எவரும் எனக்கு ஹை அடிக்கவில்லை.

இடப் பக்கம் ஏறும் வெளிச்சம் என்றேன். இடப் பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த ஹெட்லைட் அப்படித்தான் வரும்: எதிரே வருகிறவரின் பக்கம் தாழ்ந்து, ஓரத்தின் பக்கம் உயரும். ஜப்பானிலும் இடப் பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஆகவே ஜப்பான் வண்டியின் ஹெட்லைட் நமக்குப் பொருந்தும். பழைய சாமான் கடையில் வலப் பக்கம் ஓட்டும் நாட்டு வண்டியின் ஹெட்லைட்டை மலிவாகத் தருவார்கள். பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும், பூட்டினால் தலைகீழ்: ஓரம் இருட்டும், எதிரே வருகிறவருக்குக் கண் கூசும். என்ன பல்ப் போட்டும் அது திருந்தாது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு இந்த ஓர வெளிச்சத்தின் அருமை இன்னும் புரிந்தது. மண் சரிந்த இடங்களில் பாதை திறந்த பிறகும், நேற்று வரை வெள்ளைக் கோடு இருந்த இடத்தில் இன்றைக்குக் கோடும் இல்லை, ஓரமும் இல்லை. மண் மூட்டையும் ஒரு சிவப்புத் துணியும் மட்டும். இரவு மூன்று மணிக்கு அந்தத் துணி கண்ணில் பட வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு மட்டம் பிடிப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் செலவாகாத வேலை அதுதான், அதைத்தான் யாரும் செய்வதில்லை. மரக்கறி வண்டிக்காரர்கள் செய்யும் தவறு, வெறும் வண்டியில் மட்டம் பிடிப்பது. ஒரு தொன் ஏற்றினால் பின் வில் அமுங்கி மூக்கு வானத்தைப் பார்க்கும். டிம் லைட்டே ஹை லைட் ஆகிவிடும். நான் மூட்டை ஏற்றிய பிறகு, கந்தப்பளையில் ஒரு சேமிப்புக் கூடத்தின் சுவருக்கு முன்னே சமதளத்தில் இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தினேன். ஹெட்லைட்டின் நடு உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மூன்று அங்குலம் கீழே வரும்படி ஸ்க்ரூவைத் திருகினேன். வெறும் வண்டியோடு திரும்பி வரும்போது வெளிச்சம் கொஞ்சம் கிட்டத்தில் விழுகிறது. அதற்குள் விடிந்துவிடும், பாதகம் இல்லை.

ஒவ்வொரு வருடமும் வாகன வரிப் பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே புகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். லைட்டை நாமே பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

வாங்கும்போது ஒன்று பார்ப்பேன்: பல்பின் உலோகத் தட்டில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்க வேண்டும். எந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றது என்பதை அந்த எண் சொல்லும். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து. அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது போதாது, பெட்டி அச்சடிக்க யாராலும் முடியும். உலோகத்தில் பொறிப்பு மங்கலாக இருந்தாலோ, 60/55 என்று பெட்டியிலும் வேறு எதுவோ தட்டிலும் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

13.6 வோல்ட் என்பது தரப்படுத்தும் அளவைவிடச் சற்றுக் கூட. ஆகவே ஆயுள் கொஞ்சம் குறையும் என்று பாஸ் முதலிலேயே சொல்லியிருந்தார். எட்டாம் மாதம், போன வாரம், லபுக்கலைக்குக் கீழே வலப் பக்கம் அணைந்தது. மழை விட்டிருந்தது, குளிரில் விரல் மடங்கவில்லை. பொனட்டைத் தூக்கி, கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சொக்கட்டை இழுத்தேன். ரப்பர் தொப்பியை உரித்தேன். கம்பி க்ளிப்பை அமுக்கிப் பக்கவாட்டில் விட்டேன். பழைய பல்ப் கையில் வந்தது, உள்ளே இழை அறுந்து ஒரு மயிர் போலத் தொங்கியது. புதியதைப் பெட்டியில் இருந்து எடுக்கும்போது தட்டைத்தான் பிடிக்க வேண்டும், கண்ணாடியைத் தொடக்கூடாது. விரலின் எண்ணெய் ஒட்டினால் அந்த இடம் மட்டும் கூடுதலாகச் சூடாகிக் கண்ணாடி கெட்டுவிடும். தட்டில் மூன்று காதுகள் உண்டு, ஒன்று அகலம். அகலமான காது மேலே வரும்படி வைத்தால் தானாகவே பொந்தில் உட்காரும். உட்காராவிட்டால் தள்ளக்கூடாது, திருப்பிப் பார்க்க வேண்டும். நான் ஒருமுறை திருப்பினேன், க்ளிப் "டிக்" என்றது.

ஐந்து நிமிடம். மேலே இருந்து இறங்கி வந்த லொறிக்காரர் வேகத்தைக் குறைத்து, "என்ன அண்ணே, உதவி வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவருடைய லைட்டில் என் நிழல் மண்மேட்டில் நீளமாக விழுந்தது. நல்ல வெண்ணெய் நிற வெளிச்சம். என்ன பல்ப் என்று கேட்பதற்குள் வளைவைக் கடந்துவிட்டார்.

இடப் பக்கத்துப் பழைய பல்பும் அதே எட்டு மாதம் எரிந்திருக்கிறது, அதுவும் போக இன்னும் அதிக நாளாகாது. அதற்கு ஒன்று வாங்கி டாஷ்போர்டுக்குள் ஒரு பழைய கம்பளிக் காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன்.